கடலுக்குப் போகிற வீட்டில் வேத வாசிப்பு: தினமும் கால் மணி நேரத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் வீட்டுக்காரர் தங்கச்சிமடத்திலிருந்து விசைப்படகில் போகிறவர். கடலுக்குப் போகிற நாளில் எங்கள் வீடு இருட்டிலேயே எழுந்துவிடும். சோறு கட்டி, தண்ணீர் கேன் நிரப்பி, கடலுக்குப் போக மீன்துறையில் டோக்கன் எடுத்தாயிற்றா என்று கேட்டு அனுப்பி முடிக்கும்போது பிள்ளைகள் எழும்பும் நேரமாகிவிடும். மறுநாள் படகு எப்போது கரை சேரும், எவ்வளவு மீன்பாடு இருக்கும் என்பதைக் கடல்தான் சொல்ல வேண்டும்.

இந்த வீட்டில்தான் நான் தினமும் வேதம் வாசிக்கப் பழகினேன். சுலபமாக வரவில்லை. "அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து அரை மணி நேரம் வாசியுங்கள்" என்று பிரசங்கத்தில் கேட்டு ஆரம்பித்ததெல்லாம் பத்து நாளில் நின்று போனது. ஜனவரி முதல் தேதி ஆதியாகமத்தில் தொடங்குவேன், பிப்ரவரி முடிவதற்குள் லேவியராகமத்தில் நின்றுவிடுவேன். நமக்கு விசுவாசம் பற்றவில்லை என்று நினைத்து வருத்தப்பட்டிருக்கிறேன். பிறகுதான் புரிந்தது, வாசிக்கிற முறையை எங்கள் நாளுக்கு ஏற்றபடி அமைக்காததுதான் கோளாறு. பாம்பன், மண்டபம், வேதாளை, கீழக்கரை, மூக்கையூர், தொண்டி என்று இந்தக் கரையில் இருக்கிற வீடுகளை மனதில் வைத்து, எனக்குப் பலன் கொடுத்ததை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இடம் தேடுங்கள், அப்புறம் நேரம்

மணியைப் பார்த்து வாசிப்பை வைக்காதீர்கள். தினமும் தவறாமல் செய்கிற ஒரு வேலையோடு சேர்த்து வையுங்கள். எனக்கு அது காலை டீ. படகு போனதும், அல்லது போகாத நாளில் பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும், டீயை ஊற்றிக்கொண்டு வாசல் திண்ணையில் உட்காருவேன். டம்ளர் காலியாகும்வரை என் நேரம். அது ஒரு நாள் ஆறு மணிக்கு வரும், இன்னொரு நாள் ஒன்பதரைக்கு வரும். டீ குடிக்காமல் நான் இருந்ததில்லை, அதனால் வாசிப்பும் நின்றதில்லை.

பாசி எடுக்கப் போகிற பெண்களுக்கு நீர் வற்றுகிற நேரம்தான் நாளைத் தீர்மானிக்கும். அவர்களுக்குக் காலை வாசிப்பு ஒத்து வராது. திரும்பி வந்து குளித்து, தலை துவட்டிக்கொண்டு உட்காருகிற பத்து நிமிடம் நல்ல நேரம். கருவாடு காய வைக்கிறவர்கள் பரப்பி முடித்துக் காவல் இருக்கும் நேரத்தை எடுத்துக்கொள்ளலாம்; நாய்க்கும் காக்கைக்கும் ஒரு கண், புத்தகத்துக்கு ஒரு கண். கடலில் இருக்கிற ஆண்களுக்கு வலை விட்டுக் காத்திருக்கும் நேரம் இருக்கிறது.

அதிகாலைதான் பரிசுத்தமான நேரம் என்று நினைத்து, அது முடியாததால் முழுவதையும் விட்டவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். மாற்கு 1:35-இல் இயேசு "அதிகாலையில், இருட்டோடே எழுந்து புறப்பட்டு" ஜெபிக்கப் போனார் என்று இருக்கிறது, உண்மைதான். அதற்கு முந்தின வசனங்களையும் பாருங்கள். முந்தின நாள் மாலை ஊரே வாசலில் கூடியிருந்தது, அவருக்கு ஓய்வே இல்லை. தனியாக இருக்க அன்று அவருக்குக் கிடைத்த நேரம் அது. உங்களுக்கு எது கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அளவு இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். கடல் நாளுக்கு ஐந்து நிமிடம், கரை நாளுக்குக் கால் மணி நேரம். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றி யாரும் கடலுக்குப் போகாத நாட்களில் தாராளமாக அரை மணி உட்காரலாம்.

எந்தப் புத்தகம்

என் அம்மா வீடு சி.எஸ்.ஐ., வாக்கப்பட்ட வீடு ஆர்.சி. அதனால் எங்கள் அலமாரியில் இரண்டும் இருக்கின்றன: அம்மா கொடுத்த பழைய மொழிபெயர்ப்பு, கல்யாணத்துக்குப் பங்கில் கொடுத்த 1995-ஆம் வருடத்துப் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம். முதலாவதில் 66 நூல்கள், கத்தோலிக்கப் பதிப்பில் 73. எது உயர்ந்தது என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. பழையதன் வரிகள் காதில் நிற்கும், மனப்பாடம் ஆகும். புதியது ஒரே வாசிப்பில் புரியும். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் திருவிவிலியத்தில் வாசித்துப் பொருள் பிடித்துக்கொண்டு, பிடித்த வசனத்தைப் பழையதில் எடுத்து மனப்பாடம் செய்தால் இரண்டின் நன்மையும் கிடைக்கும். கீழே நான் வசனம் சொல்லும்போது பெரும்பாலும் பழையதிலிருந்தே சொல்கிறேன். சிறுவயதிலிருந்து வாயில் ஏறிய வார்த்தைகள் அவை.

எழுத்து பெரிதாக இருக்கிற பதிப்பாக வாங்குங்கள். நாற்பது வயதுக்கு மேல் சின்ன எழுத்தோடு போராடியே பலர் வாசிப்பை விட்டுவிடுகிறார்கள். இன்னொன்று, நம் கரையில் உப்புக் காற்று அந்த மெல்லிய தாளைச் சுருட்டிவிடும். வாடைக்காற்று காலத்தில் ஈரம் ஏறிப் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். பிஸ்கட் டப்பா ஒன்றில் போட்டு மூடி வைக்கிறேன். பன்னிரண்டு வருடமாகத் தாள் மொடமொடப்பாகவே இருக்கிறது.

போனில் வாசிப்பதும் சரிதான். கடலுக்குப் போகிறவர்கள் கரையில் இருக்கும்போதே தமிழ் வேதத்தையும் ஒலி வடிவத்தையும் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும், உள்ளே போனால் சிக்னல் இருக்காது. வீட்டில் போனில் வாசிக்கிறவர்கள் மட்டும் நெட்டை அணைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

எங்கே தொடங்குவது

மாற்கு நற்செய்தியில் தொடங்குங்கள். நான்கிலும் சின்னது, 16 அதிகாரம். முதல் அதிகாரத்திலேயே நமக்குத் தெரிந்த ஆட்கள் வந்துவிடுகிறார்கள்: ஒருவர் வலை போடுகிறார், இன்னொருவர் படவில் உட்கார்ந்து "வலைகளைப் பழுதுபார்த்து"க்கொண்டிருக்கிறார்.

அந்த வலை பழுதுபார்க்கிறவர் யார் தெரியுமா? செபெதேயுவின் மகன் யாக்கோபு. நம் வேர்க்காட்டுக் கோவிலின் சந்தியாகப்பர்தான் அவர். ஜூலை 25-இல் அவர் திருநாளுக்கு வருடா வருடம் போகிறோம், தேர் பார்க்கிறோம், நேர்ச்சை செலுத்துகிறோம். அவர் அப்பாவோடும் கூலியாட்களோடும் படகில் இருந்தவர், வலைக்கு ஊசி பிடித்த கை அவருடையது என்பதை நான் கல்யாணமாகி ஏழெட்டு வருடம் கழித்து மாற்கு வாசித்தபோதுதான் சேர்த்துப் பார்த்தேன். அன்றிலிருந்து வேர்க்காட்டில் முழங்கால் போடும்போது தெரிந்த வீட்டுக்குள் போன மாதிரி இருக்கிறது.

மாற்கு முடிந்ததும் லூக்கா, பிறகு யோவான், பிறகு அப்போஸ்தலர் நடபடிகள். இவற்றோடு நாளுக்கு ஒரு சங்கீதம். பழைய ஏற்பாட்டில் ரூத், யோனா என்று சின்ன நூல்களை முதலில் முடித்துவிட்டு ஆதியாகமத்துக்கு வாருங்கள்.

வருடத்தில் முழு வேதமும் முடிக்க ஆசையிருந்தால் கணக்கு இதுதான்: 66 நூல்களில் 1,189 அதிகாரம், நாளுக்கு மூன்று அல்லது நான்கு. முதல் வருடமே இதை எடுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். புதிய ஏற்பாடு மட்டும் 260 அதிகாரம். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்றால் 52 வாரத்தில் சரியாக முடிந்துவிடும். வாரத்தில் இரண்டு நாள் தவறினாலும் திட்டம் குலையாது. கடல் வீட்டுக்கு அந்த இரண்டு நாள் அவசியம் வேண்டும்.

எப்படி வாசிப்பது

இதில்தான் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். வாசிப்பதும் தியானிப்பதும் வேறு வேறு என்று நினைத்து, வாசித்து முடித்துக் கண்ணை மூடி உட்கார்ந்து என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து போகிறவர்கள் அதிகம். "இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற மனுஷன் பாக்கியவான்" என்று முதல் சங்கீதம் சொல்கிறதே, அங்கே தியானம் என்பதற்கு எபிரெயத்தில் இருக்கிற சொல் 'ஹாகா'. வாய்க்குள் முணுமுணுப்பது என்று அதற்குப் பொருள். சிங்கம் தன் இரையின் மேல் நின்று உறுமுவதற்கும் ஏசாயா 31:4-இல் அதே சொல்தான் வருகிறது. ஆக, வேதத் தியானத்துக்கு வாய் வேண்டும். நம் பாட்டிமார் வலைக்கயிறு திரித்துக்கொண்டே உதட்டுக்குள் செபம் சொல்லிக்கொண்டிருந்தது அசல் தியானம்.

மடங்களில் நூற்றாண்டுகளாக இருந்த பழக்கத்தை 12-ஆம் நூற்றாண்டில் கூய்கோ என்ற துறவி நான்கு படிகளாகச் சொல்லிவைத்தார்: வாசி, அசைபோடு, செபி, அமைதியாக இரு. நான் செய்வதும் ஏறக்குறைய அதுதான். லூக்கா 5:1-11 பகுதியை எடுத்துக்கொண்டு எப்படி என்று காட்டுகிறேன். நீங்களும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு நிமிடம் சும்மா இருங்கள். படகுக் கடன், டீசல் பாக்கி, பிள்ளை பீஸ் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். துரத்தப் பார்க்காதீர்கள். "ஆண்டவரே, இதெல்லாம் இருக்கிறது. இப்போது நீர் பேசும்" என்று மட்டும் சொல்லுங்கள்.

பிறகு வாய்விட்டு வாசியுங்கள், கதையாக, ஒரே மூச்சில். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து, இந்த முறை மெதுவாக. இரண்டாவது முறை வாசிக்கும்போது ஏதாவது ஒரு சொல் காலில் முள் தைத்த மாதிரி நிறுத்தும். நின்ற இடத்தில் நின்றுவிடுங்கள். அதிகாரத்தை முடிக்கிற அவசரம் வேண்டாம்.

இந்தப் பகுதியை முதல் தடவை என் வீட்டுக்காரருக்கு நான் வாசித்துக் காட்டினேன். அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும், கேட்பதில் கெட்டிக்காரர். நான் சீமோன் வலை போடுகிற இடத்துக்கு வேகமாகப் போய்க்கொண்டிருந்தேன். அவர் இரண்டாம் வசனத்திலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"வலைகளை அலசிக்கிட்டு இருந்தாங்கன்னு போட்டிருக்கா?"

"ஆமா, 'வலைகளை அலசிக்கொண்டிருந்தார்கள்'."

"அப்ப தொழில் முடிஞ்சிருச்சு. விடிய விடியப் பாடு இல்ல. அலசி உதறி வச்ச வலைய மறுபடி எறக்கச் சொல்றாரு. எறக்குனா திரும்ப அலசணும், திரும்பக் காயப் போடணும். உடம்பு கேக்குமா?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நானா இருந்தா போட்டிருக்க மாட்டேன்" என்றார்.

எத்தனையோ பிரசங்கங்களில் அந்தப் பகுதியைக் கேட்டிருக்கிறேன். எல்லாம் வலை நிறைந்த அதிசயத்தைப் பற்றி. அலசின வலையை மறுபடி இறக்குவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குச் சொன்னவர் அவர்தான். "இராமுழுவதும் நாங்கள் பிரயாசப்பட்டும் ஒன்றும் அகப்படவில்லை, ஆகிலும் உம்முடைய வார்த்தையின்படியே வலையைப் போடுகிறேன்." அந்த 'ஆகிலும்' என்ற ஒரு சொல்லில் எவ்வளவு களைப்பு, எவ்வளவு நம்பிக்கை! திருவிவிலியத்தில் அதே இடம் "பாடுபட்டு உழைத்தும்" என்று வருகிறது. பாடு என்றால் நமக்கு உழைப்பும்தான், மீனும்தான்.

இப்படி ஒரு சொல் நிறுத்தியதும் மூன்று கேள்வி கேளுங்கள். இங்கே கடவுள் எப்படிப்பட்டவராகத் தெரிகிறார்? இந்த ஆட்களில் நான் யார்? இன்றைக்கு என்ன செய்ய வேண்டும்?

முதல் கேள்விக்கு லூக்கா 5-இல் எனக்குக் கிடைத்தது: அவர் தொழில் தெரிந்தவனிடம் தொழிலைப் பற்றியே பேசுகிறார், களைத்தவனுடைய படவில் ஏறி உட்காருகிறார். இரண்டாவது கேள்விக்கு ஒவ்வொரு தடவையும் வேறு பதில் வரும். ஒரு தடவை நான் சீமோன். இன்னொரு தடவை, வலை கிழிகிறதென்று சைகை காட்டியதும் ஓடி வந்தார்களே, மற்றப் படவிலிருந்த கூட்டாளிகள், அவர்களில் ஒருத்தி. மூன்றாவது கேள்விக்குப் பதில் சின்னதாக இருக்க வேண்டும், அன்றைக்கே செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். "இன்னும் அன்பாக இருப்பேன்" என்பது பதிலாகாது. "நாலு மாதமாகப் பேசாமலிருக்கிற நாத்தனாருக்கு இன்று நானே போன் போடுவேன்" என்பது பதில். அலசி வைத்த வலை எனக்கு அன்று அதுதான். போன் போட்டேன். அவர் எடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார்.

பிறகு செபம். வாசித்த வார்த்தைகளையே திருப்பிச் சொல்லுங்கள். "ஆண்டவரே, இராமுழுவதும் பிரயாசப்பட்டேன், ஒன்றும் அகப்படவில்லை" என்று சீமோன் வாயால் உங்கள் பிரச்சினையைச் சொல்லலாம். சொந்த வார்த்தை வராத நாளில் இது பெரிய உதவி. சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள்.

கடைசியாக, ஒரு வரியை எடுத்துக்கொண்டு எழும்புங்கள். முழு வசனம்கூட வேண்டாம். "ஆகிலும் உம்முடைய வார்த்தையின்படியே", இவ்வளவு போதும். மீன் அலசும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருங்கள். இரவு படுக்கும்போது ஒரு தடவை. 'ஹாகா' இதுதான்.

நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, பகுதி, நிறுத்திய சொல், செய்ய வேண்டிய ஒன்று. நான்கு வரிக்கு மேல் எழுதாதீர்கள். நீளமாக எழுத ஆரம்பித்தால் எழுத நேரமில்லாத நாளில் வாசிப்பும் போய்விடும். எழுத வராதவர்கள் அந்தச் சொல்லின் கீழே பென்சிலால் கோடு போட்டால் போதும். ஒரு வருடம் கழித்து அதே பகுதிக்கு வந்து பழைய கோட்டைப் பார்க்கும்போது கடவுள் நம்மை எங்கிருந்து எங்கே கொண்டுவந்திருக்கிறார் என்று தெரியும்.

கூர்ந்து பார்த்தால் கிடைப்பது

யோவான் 21-இல் உயிர்த்த இயேசு கடற்கரையில் சீடர்களுக்காகக் காத்திருக்கிறார். அவர்கள் கரையிறங்கினதும் "கரிநெருப்புப் போட்டிருக்கிறதையும், அதின்மேல் மீன் வைத்திருக்கிறதையும்" பார்க்கிறார்கள். நம் ஊர்க் கரையில் தினமும் காண்கிற காட்சி, கடந்து போய்விடலாம். ஆனால் கரிநெருப்பு என்ற சொல்லை வைத்துக்கொண்டு மூன்று அதிகாரம் பின்னால் போங்கள். யோவான் 18:18. பிரதான ஆசாரியன் முற்றத்தில் வேலைக்காரர்கள் கரிநெருப்பு உண்டாக்கிக் குளிர்காய்கிறார்கள், பேதுருவும் அங்கே நிற்கிறார். அந்த நெருப்பருகில்தான் "நான் அல்ல" என்று மறுதலித்தார். புதிய ஏற்பாடு முழுவதிலும் கரிநெருப்புக்கான அந்தக் கிரேக்கச் சொல் வருவது இந்த இரண்டு இடங்களில் மட்டும். மறுதலித்தவனை இன்னொரு கரிநெருப்பின் அருகில் உட்கார வைத்து, முதலில் சாப்பாடு போட்டு, அதன் பிறகு மூன்று தடவை "என்னை நேசிக்கிறாயா" என்று கேட்கிறார்.

இதை நான் கண்டுபிடித்த நாளில் டீ ஆறிப்போனது. இதற்குப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். ஒரு சொல் வித்தியாசமாகத் தெரிந்தால், இதற்கு முன் எங்கே வாசித்தோம் என்று கேட்டுப் பாருங்கள். போன் செயலியில் சொல்லைத் தேடும் வசதி இருக்கிறது. அச்சுப் புத்தகத்தில் சில பதிப்புகளில் பக்க ஓரத்தில் ஒத்த வசனங்கள் கொடுத்திருப்பார்கள்.

கடல் தெரிந்தவர்களுக்கு வேதத்தில் தனிச் சொத்து இருக்கிறது. அப்போஸ்தலர் 27-ஐ ஒரு தடவை படகுக்காரர் ஒருவரோடு சேர்ந்து வாசியுங்கள். ஆழம் பார்க்க விழுது விட்டு "இருபது பாகம்" என்கிறார்கள், சற்றுத் தள்ளிப் போய் "பதினைந்து பாகம்" என்கிறார்கள், கப்பலின் பின்பக்கமான பின்னணியத்திலிருந்து நாலு நங்கூரம் போட்டுவிட்டு "பொழுது எப்போது விடியுமோ" என்றிருக்கிறார்கள். பாகம் நம் ஆட்கள் இன்றைக்கும் சொல்கிற ஆழ அளவு. ஐந்து பாகம் குறைந்தால் அடியில் என்ன வருகிறது என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மனசு கனத்த நாட்கள்

படகு சொன்ன நேரத்துக்கு வராத நாள் இந்தக் கரையில் எல்லா வீட்டுக்கும் உண்டு. அக்கரையில், இலங்கையில், பிடிபட்டு மாதக்கணக்கில் திரும்பாத வீடுகளும் உண்டு. தனுஷ்கோடியை 1964 டிசம்பர் புயல் கொண்டுபோன கதையைக் கேட்டு வளர்ந்த நமக்குக் கடல் அழகான காட்சி மட்டும் அல்ல. இப்படிப்பட்ட நாட்களில் "ஸ்தோத்திரம் சொல்லுங்கள், சந்தோஷமாயிருங்கள்" என்கிற வசனங்களைத் தேடிப் பிடித்து வாசிக்க வேண்டாம். உங்கள் நிலைமையிலேயே பேசுகிற சங்கீதத்துக்குப் போங்கள். 13-ஆம் சங்கீதம் "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று ஆரம்பிக்கிறது. இரண்டே வசனத்தில் நாலு தடவை 'எதுவரைக்கும்'. 88-ஆம் சங்கீதம் ஆறுதலாக ஒரு வரிகூட இல்லாமல் முடிகிறது. கடவுளிடம் இப்படியும் பேசலாம் என்று வேதமே அனுமதி கொடுத்திருக்கிறது.

ஒரு ஐப்பசியில் எங்கள் படகு ஒன்றரை நாள் தாமதம். என்ஜின் நின்று காற்றில் இழுத்துப் போயிருந்தது. அன்று நான் வாசிக்க வேண்டியிருந்த பகுதி மாற்கு 4. "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்ற இடத்தில் என்னால் மேலே போக முடியவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன், செபமாக அல்ல, கோபமாக. சாயங்காலம் மறுபடி எடுத்தபோது அதுவரை கண்ணில் படாத ஒரு வரி பட்டது: "வேறே படவுகளும் அவரோடேகூட இருந்தது." அவர் ஏறியிருந்த படவு ஒன்றுதான். கடல் அமர்ந்தபோது எல்லாப் படவுக்கும்தானே அமர்ந்திருக்கும்! அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் இராத்திரியைக் கழித்தேன். இன்னொரு படகு கயிறு போட்டு இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தது. எல்லா வீட்டுக்கும் அப்படி முடிவதில்லை என்று எனக்குத் தெரியும். முடியாத வீட்டில் போய் வசனம் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். கேட்டால் மட்டும் வாசியுங்கள்.

விட்டுப்போன நாட்கள்

விட்டுப்போகும். காய்ச்சல், கல்யாணம், சாவு, திருவிழா, எல்லாம் வரும். விட்டுப்போன அதிகாரங்களைச் சேர்த்துவைத்து ஒரே நாளில் வாசித்துக் கணக்குத் தீர்க்கப் பார்க்காதீர்கள். அப்படிச் செய்த இரண்டாம் வாரத்தில் முழுவதும் நின்றுவிடும். இன்றைய பகுதியை இன்று வாசியுங்கள். வலையில் ஓட்டை விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் நூல் போடுகிறோம், முழு வலையையும் யாரும் பிரிப்பதில்லை. ஒரு மாதமே விட்டிருந்தாலும் அன்று மாலை ஒரு சங்கீதத்தோடு மறுபடி ஆரம்பித்துவிடலாம்.

கேட்டு வாசிக்கிறவர்கள், பிள்ளைகள்

இந்தக் கரைக்கு வேதம் முதலில் வந்தது காது வழியாகத்தான். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது தெருத்தெருவாக மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் செபங்களை வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தார். அவருக்குப் பின் வந்த அந்தோனியோ கிரிமினாலி நம் வேதாளையில்தான் 1549-இல் கொல்லப்பட்டார். அண்ட்ரிக் அடிகளாரின் தமிழ்ச் செபநூல் கொல்லத்தில் அச்சானது 1578-இல். தரங்கம்பாடியில் சீகன்பால்கின் தமிழ்ப் புதிய ஏற்பாடு வந்தது 1715-இல். அதுவரை நம் முன்னோர்கள் காதால் கேட்டே விசுவாசத்தைக் காத்தார்கள்.

அதனால் எழுத்துத் தெரியாத மாமியாரும் மாமனாரும் வாசிப்புக்கு வெளியே நிற்க வேண்டியதில்லை. பேத்தி வாசிக்கட்டும், பாட்டி கேட்டு ஒரு வரி சொல்லட்டும். எங்கள் வீட்டில் வாரத்துக்கு இரண்டு நாள், இராச்சாப்பாட்டுக்கு முன் இப்படி நடக்கிறது. பத்து நிமிடத்துக்கு மேல் போக விடமாட்டேன். பெரியவர்கள் உபதேசம் பண்ண ஆரம்பித்தால் பிள்ளைகள் மறுநாள் ஒளிந்துகொள்ளும். "உனக்கு எந்த இடம் பிடிச்சிச்சு?" என்று கேட்டுவிட்டு அவர்கள் சொல்வதை அப்படியே விடுங்கள். புயல் நேரத்தில் இயேசு பின்னணியத்தில் தலையணை வைத்துத் தூங்கினார் என்று வாசித்தபோது, "அப்பா மாதிரியா?" என்று கேட்டான் என் சின்னவன். அதற்கு மேல் நான் என்ன விளக்கம் சொல்ல?

ஒரு எச்சரிக்கை

கண்ணை மூடித் திறந்த பக்கத்தில் விரல் வைத்து, அதை இன்றைய வாக்குத்தத்தம் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. படகு வாங்கலாமா, சம்பந்தம் பேசலாமா என்பதற்கெல்லாம் இப்படிக் குறி பார்க்கிறார்கள். வேண்டாம் என்று மனதார வேண்டிக்கொள்கிறேன். எரேமியா 29:11 "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று காலண்டரில் அழகாக அச்சடித்து வருகிறது. அதற்கு முந்தின வசனத்தை வாசியுங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம் அது, விடுதலைக்கு எழுபது வருடம் ஆகும் என்கிறது. கேட்டவர்களில் பலர் அந்த விடுதலையைப் பார்க்காமலே இறந்திருப்பார்கள். அது தெரிந்த பிறகு அந்த வசனத்தில் எனக்கு நம்பிக்கை கூடியதே தவிரக் குறையவில்லை. எந்த வசனமானாலும் முன்னும் பின்னும் பத்து வசனம் சேர்த்து வாசியுங்கள். புரியாததைக் குறித்து வைத்துப் பங்குத்தந்தையிடமோ போதகரிடமோ கேளுங்கள். பக்கத்து வீட்டு அக்காவோடு சேர்ந்து வாசிப்பது அதைவிடவும் நல்லது.

தடைக்காலத்துக்கு ஒரு திட்டம்

தொடங்க நல்ல நாள் எது என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது ஏப்ரல் 15. மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிக்கும் நாள். ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது, ஆண்கள் கரையில் இருப்பார்கள், கையில் காசு இருக்காது, நேரம் இருக்கும். மாற்கு 16 அதிகாரம், லூக்கா 24, யோவான் 21. கூட்டினால் 61. நாளுக்கு ஒன்று.

நாட்காட்டியோடும் இது பொருந்தி வருகிறது. ஏப்ரலில் தேதியிலிருந்து 14-ஐக் கழித்தால் மாற்கு அதிகாரம்: 15-ஆம் தேதி முதல் அதிகாரம், 30-ஆம் தேதி பதினாறு. மே 1 முதல் 24 வரை தேதியும் லூக்கா அதிகாரமும் ஒன்றே. மே 25-இல் யோவான் 1, மே 31-இல் யோவான் 7. ஜூனில் தேதியோடு ஏழைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

படகைக் கரையேற்றி வலையைப் பிரித்துப் போடும் அந்த முதல் நாளில் மாற்கு 1 வரும், சந்தியாகப்பர் வலை பழுதுபார்க்கிற இடம். மே 5-ஆம் தேதி அலசின வலைகளின் லூக்கா 5. அப்படியே போய் ஜூன் 14 மாலை, ஐஸ் ஏற்றி டீசல் போட்டு எல்லாரும் தயாராகிக்கொண்டிருக்கும் நேரத்தில், யோவான் 21 வரும். அங்கே சீமோன் பேதுரு மற்றவர்களைப் பார்த்து "மீன்பிடிக்கப்போகிறேன்" என்கிறார். அவர்கள் "நாங்களும் உம்முடனேகூட வருகிறோம்" என்கிறார்கள். அன்றைக்கு அந்த அதிகாரத்தை வாசிக்கிற வேலையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுவேன். எழுத்துக்கூட்டி வாசிக்க அவருக்கு இருபது நிமிடம் ஆகும்.